கறுப்புக் கட்டையில் தப்பு வராது

(பேரப்பிள்ளைகள் உள்ள பெரியவர்கள் வெள்ளானூரில் ஒரு ஞாயிறு மாலை கூடியபோது ஆற்றிய உரை)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, “எனக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும், சங்கீதத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள்” என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. “சனிக்கிழமை சாயங்காலமானால் உங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வருகிறதே, அதைப் பற்றிப் பேசுங்கள்” என்றார்கள். சத்தம் என்றுதான் சொன்னார்கள், சங்கீதம் என்று சொல்லவில்லை. நியாயம்தான். பக்கத்து வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார், தலையை ஆட்டுகிறார் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. சுவரோரம் நிறுத்துகிற ரகம். வெள்ளானூரில் பியானோவா என்று கேட்பீர்கள். எங்கள் அப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறைத் தொழிலாளி. அந்தக் காலத்துப் பெரம்பூரில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய. டிரைவர், கார்டு, ஃபோர்மேன் என்று ரயில்வேயில் அவர்கள் இல்லாத பிரிவே கிடையாது. அறுபதுகளில் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறியது. கட்டில், பீரோ, கிராமபோன் எல்லாம் வாசலிலேயே விலை போயின. பியானோவை மட்டும் யார் வாங்குவார்கள்? எங்கள் அப்பா வாங்கினார். ஏன் வாங்கினார் என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டு வண்டியில் ஏற்றி, ஆறு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து இறக்கியது எனக்கு நினைவிருக்கிறது.

வந்த பியானோ என்ன ஆனது? மேலே ஒரு பூப்போட்ட துணி. துணிமேல் தலையாட்டிப் பொம்மை. பிறகு ரேடியோ, அப்புறம் டிவி. ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்தோமே ஒழிய, யாரும் வாசிக்கவில்லை. மூடியைப் பூட்டிச் சாவியை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார். ஒருநாள் சாவி கிடைத்து நான் திறந்து நாலு தட்டுத் தட்டினேன். முதுகில் நாலு விழுந்தது. சரியாக நாலு, தாளம் தப்பவில்லை. அதற்குப் பிறகு ஐம்பது வருடம் நான் அதைத் தொடவில்லை. ஆவடியில் வேலை, கல்யாணம், பிள்ளைகள், ஓய்வு, இங்கே வீடு. வீடு மாறும்போதெல்லாம் அந்த மரப்பெட்டியும் கூடவே மாறி வந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்னால் என் பேரன், அப்போது அவனுக்கு நாலு வயது, அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தாத்தா, இது ஏன் பூட்டியிருக்கு?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. சாவி எந்த வீட்டில் தொலைந்ததோ. அரத்தை எடுத்தேன், ஒரு பித்தளைத் துண்டை ராவி ராவி மதியத்துக்குள் சாவி செய்துவிட்டேன். முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்ததற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து நாப்தலின் உருண்டையும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை. பேரன் ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்தினான். ‘தொம்’ என்று ஒரு கரகரப்பான சத்தம். அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது.

பியானோவின் முன்பலகையைக் கழற்றி உள்ளே பார்த்திருக்கிறீர்களா? இயந்திரத்தோடு பழகியவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். முழுப் பியானோவில் 88 கட்டைகள், 52 வெள்ளை, 36 கறுப்பு. கம்பிகள் சுமார் 230. அத்தனையும் சேர்ந்து இழுக்கிற இழுவை ஏறத்தாழ 18 டன். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். நீங்கள் கட்டையை அழுத்தினால், கம்பளித் துணி சுற்றிய ஒரு சுத்தியல் எழுந்துபோய்க் கம்பியைத் தட்டுகிறது. இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. விரல் கட்டைமேலேயே இருந்தாலும், சுத்தியல் தட்டிய மறுகணம் விலகி வந்துவிட வேண்டும். வராவிட்டால் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நாதத்தைக் கொன்றுவிடும். கம்பியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கட்டையின் பிடியிலிருந்து சுத்தியலை விடுவித்துவிடுகிற ஏற்பாடு அது. கடைசித் தூரத்தை அது தன் வேகத்தில்தான் போய்த் தொடுகிறது. இத்தாலியில் ஃபுளாரன்ஸ் நகரத்தில் பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் 1700 வாக்கில் இதைச் செய்தார். மெதுவாக அழுத்தினால் மெல்லிய சத்தம், ஓங்கி அழுத்தினால் பெரிய சத்தம். அதற்கு முன் இருந்த ஒரு கட்டை வாத்தியத்தில் கம்பியைச் சுண்டுவார்கள். விரல் எப்படிப் போனாலும் ஒரே அளவு சத்தம்தான். மெல்லிசும் பலமும் வரும் என்பதைத்தான் பியானோஃபோர்ட்டே என்ற முழுப்பெயர் சொல்கிறது. இந்தச் சுத்தியல் சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சில கட்டைகள் இறங்கினால் ஏறவில்லை. இயந்திரம் இறுகினால் ஃபிட்டர் என்ன செய்வான்? எண்ணெய் விட்டேன். மறுநாள் இறுகியிருந்த நாலு கட்டை பதினொன்று ஆகிவிட்டது! அங்கே இருப்பது இரும்பு இல்லை, மரமும் கம்பளியும். எண்ணெய் பட்டால் இன்னும் இறுகிப்போகும். ட்யூன் செய்ய வந்த பெரியவர் என்னை ஏறஇறங்கப் பார்த்து, “நீங்க எந்தக் கம்பெனில வேலை பார்த்தீங்க?” என்று மட்டும் கேட்டார். நான் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. ஆவடி மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இப்போது இந்த மேசைமேல் இருக்கும் கீபோர்டுக்கு வருகிறேன். பியானோவை இங்கே தூக்கி வர முடியாது. உங்களில் பலர் வீட்டில் இது இருக்கும். பேரனுக்குப் பிறந்தநாளில் வாங்கியது, இரண்டு மாதம் ஓடியிருக்கும், இப்போது பீரோமேல் கவர் போட்டுப் படுத்திருக்கும். கை தூக்குங்கள் பார்ப்போம். ஆ... நினைத்ததைவிட அதிகம்.

கட்டைகளைப் பாருங்கள். கறுப்புகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. மூன்று பேர் கூட்டத்தில் முதல் ஆளை இடது கையால் அழுத்துங்கள். அது உங்கள் ச. அதற்கு மேலே வருகிற இரண்டு பேர் கூட்டத்தில் முதல் ஆள் ப. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி மெதுவாக அழுத்திக்கொண்டே இருங்கள். அதுதான் தம்புரா. உங்கள் வலப்பக்கம் பேரனையோ பேத்தியையோ உட்கார வையுங்கள். ஒரே ஒரு விதி: கறுப்புக் கட்டையை மட்டும்தான் தொட வேண்டும். எதை வேண்டுமானாலும், எந்த வரிசையில் வேண்டுமானாலும்.

(வாசித்துக் காட்டுகிறார். முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்து வாசிக்கிறாள்.)

கேட்டீர்களா? இந்தக் குழந்தையை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஒத்திகை எதுவும் இல்லை. ஒரு இடத்திலாவது காதைக் கூசியதா? கூசாது. ஐந்து கறுப்புக் கட்டையும் சேர்ந்தால் அது மோகனம். மோகனத்தில் இல்லாத ஸ்வரம் அங்கே இல்லவே இல்லை. தப்புச் செய்ய இடமே வைக்கவில்லை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் வீட்டுக்காரி. அவருக்குப் பாட்டு கொஞ்சம் தெரியும். ச-வை அடுத்தடுத்த கறுப்புக் கட்டைக்கு மாற்றிக்கொண்டே போங்கள் என்றார். மூவரில் இரண்டாவது ஆளை ச என்று வைத்துக்கொண்டால் அதே ஐந்து கட்டையும் மத்யமாவதி. மூன்றாவது ஆள் என்றால் ஹிந்தோளம். இருவரில் முதல் ஆள் சுத்த சாவேரி, இரண்டாவது ஆள் சுத்த தன்யாசி. கட்டைகள் அதேதான். எங்கே உட்கார்ந்துகொண்டு பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது. வெள்ளைக் கட்டைகளும் இப்படித்தான். இருவர் கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் வெள்ளையை முதல் கட்டையாக வைத்து, அதிலிருந்து வெள்ளையாகவே போனால் சங்கராபரணம். இரண்டாவதிலிருந்து கரகரப்பிரியா, மூன்றாவதிலிருந்து தோடி, நான்கு கல்யாணி, ஐந்து ஹரிகாம்போஜி, ஆறு நடபைரவி. ஏழாவதில் மட்டும் ப கிடைக்காது, அதனால் அது தள்ளுபடி. பேரனின் அக்கா, என் பேத்தி, இது தெரிந்த அன்றைக்கு வீடு முழுக்க ஓடினாள். ஒரே பெட்டிக்குள் இத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்களா என்று.

“ஆனா இது தோடி இல்லீங்க, தோடியோட எலும்புக்கூடு” என்று என் வீட்டுக்காரி உடனே குட்டும் வைத்தார். உண்மைதான். தோடி அசைவில் இருக்கிறது, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள குழைவில் இருக்கிறது. பியானோக் கட்டையில் படிதான் உண்டு, சறுக்குமரம் கிடையாது. பாட்டு வாத்தியார்கள் ஆர்மோனியத்தை முறைத்துப் பார்த்ததும் இதற்காகத்தான். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்தது. 1971-இல்தான் அந்தப் பிடி தளரத் தொடங்கியது. எனக்கு இதில் ஒரு சிரிப்பு. வாத்தியத்தைத் தடை செய்தார்களே, அதன் பேச்சைத் தடை செய்ய முடிந்ததா? பாடகரிடம் சுருதி என்ன என்று கேட்டால் இன்றைக்கும் நாலரைக் கட்டை, ஒன்றரைக் கட்டை என்றுதான் சொல்கிறார். அந்தக் கட்டை ஆர்மோனியக் கட்டைதானே? வெள்ளை முழுக்கட்டை, கறுப்பு அரைக்கட்டை. நம் வீட்டில் பிள்ளை அலறினால் ‘எட்டுக் கட்டையில் கத்தாதே’ என்கிறோம். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை பாட்டைக் கொண்டு சேர்த்த பெட்டி அந்த ஆர்மோனியம்தான். இளையராஜா சகோதரர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்ததும் அந்தப் பெட்டியோடுதான்.

வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கு எதற்கு என்று இந்த ஊரிலேயே ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு மணலியைக் காட்டினேன். நம் வெளிவட்டச் சாலையில் மீஞ்சூர் பக்கம் போனால் எட்டிவிடுகிற தூரம். முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் அங்கே இருந்தது. கோட்டையில் வாசித்த ஆங்கிலேய பேண்டு மெட்டுகளைக் கேட்டுவிட்டுத்தான் தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்தியங்களைச் செய்தார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாட்டு. எல்லாமே சங்கராபரணம், அதாவது நம் வெள்ளைக் கட்டை. அவர் தம்பி பாலுசாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றதும் மணலியில் இருந்த காலத்தில்தான் என்று சங்கீத வரலாற்றில் சொல்கிறார்கள். இன்றைக்கு வயலின் இல்லாமல் கர்நாடகக் கச்சேரி உண்டா? நோட்டுஸ்வரங்களை இப்போது யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? சின்னப் பிள்ளைகளுக்கு. பேத்தி ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்து வாசித்தாள். என் வீட்டுக்காரி கூடவே பாடினார். மணலியில் இருநூறு வருடம் முன்னால் தொடங்கிய ஒரு வேடிக்கை வெள்ளானூர்க் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. நான் முறுக்கு தின்றுகொண்டு கேட்டேன்.

நம்மைப் போன்ற, வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக ஒரு ரஷ்யக் கதை. கதை இல்லை, நடந்தது. அலெக்சாண்டர் பரோதின் என்று ஒருவர். தொழிலால் ரசாயனப் பேராசிரியர், ஓய்வு நேரத்தில் இசையமைப்பாளர். அவர் எடுத்து வளர்த்த பெண் கான்யா, தன்னோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னாள். உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே என்றார். தெரியுமே என்று இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலால் ‘டட்டி டட்டி’ என்று ஒரு சின்ன மெட்டைத் தட்டினாள். நாமாக இருந்தால் ‘சமத்து’ என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருப்போம். அவர் அவளை விடாமல் தட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அந்த மெட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நடனப் பாட்டை அப்போதே கட்டினார். நண்பர்கள் கேட்டார்கள். ரிம்ஸ்கி-கார்சகோவ், க்யூயி, லியாதோவ் என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் நானும் நானும் என்று அதே டட்டி டட்டிக்கு மேல் எழுதினார்கள். 1879-இல் புத்தகமாகவே வந்தது. அன்றைக்கு ஐரோப்பாவிலேயே பெயர்போன பியானோக்காரர் லிஸ்ட். அவருக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், தன் பங்குக்குச் சில வரிகள் எழுதிச் சேர்த்தார். இத்தனை மேதைகள் வேலை செய்கிறார்கள், ஆனால் மேல்வரிசை யாருக்கு? வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு. அவள் செய்வதை யாரும் திருத்தவில்லை. அதைச் சுற்றி வீடு கட்டினார்கள். நான் இடது கையில் ச-ப அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அந்த வேலைதான். அவர் ரசாயனத்திலிருந்து வந்தார், நான் ஃபிட்டிங்கிலிருந்து.

“நம்ம சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் 13 வயசுல, 2019-இல அமெரிக்க டிவிப் போட்டியில பத்து லட்சம் டாலர் ஜெயிச்சான் மாமா, சின்ன வயசுலேயே பிடிச்சாத்தான் முடியும்” என்கிறார் என் மாப்பிள்ளை. அந்தப் பிள்ளை வாசிப்பதை நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆனால் அம்பத்தூர் கிளாஸில் கிரேடு பரீட்சைக்கு ஒரே மூன்று பாட்டை ஆறு மாதம் வாசித்த பேத்தி, ஒருநாள் வகுப்புப் பையைத் தூக்கி மூலையில் போட்டாள். பரீட்சை கூடாது என்று நான் சொல்லவில்லை. வாத்தியார் நல்லவர், பாடமும் ஒழுங்கு. வெள்ளிக்கிழமைவரை அவர் சொல்கிறபடி நடக்கட்டும். சனிக்கிழமை தாத்தா வீடு. இங்கே சிலபஸ் கிடையாது. “ஃபர்ஸ்ட்ல இருந்து வாசி”, “கேமராவைப் பாரு”, “அங்கிளுக்கு வாசிச்சுக் காட்டு” இந்த மூன்றையும் எங்கள் வீட்டில் தடை செய்திருக்கிறோம். கடைசியாகச் சொன்னதை மீறியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மோஸார்ட்டுக்குக்கூட அக்கா ஒருத்தி இருந்தாள், நானெர்ல். அப்பா 1759-இல் அவளுக்காகத்தான் பாட நோட்டு எழுதத் தொடங்கினார். அவள் வாசிக்கும்போது பக்கத்தில் நின்ற மூன்று வயதுப் பொடியன் இரண்டிரண்டு கட்டையாக அழுத்தி, சேர்ந்து ஒலிப்பது எது என்று தேடித் தேடிச் சந்தோஷப்பட்டானாம். எங்கள் வீட்டிலும் அக்கா வாசிக்க, தம்பி தேடுகிறான். அவன் மோஸார்ட் ஆகமாட்டான். அந்தத் தேடல் மட்டும் அப்படியே அதேதான். கண் பாதி மூடியிருக்கும், நாக்கு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டு கட்டை சேர்ந்துவிட்டால் தோள் குலுங்கும்.

பெட்டியைக் காப்பாற்றுவது பற்றி இரண்டு வார்த்தை, பியானோ உள்ளவர்கள் இங்கே யாரும் இல்லை என்றாலும். நம் ஊர் ஈரக்காற்று அதற்கு எமன். கம்பி துருப்பிடிக்கும், கம்பளி பூசணம் பிடிக்கும், கரையானைச் சொல்லவே வேண்டாம். உள்ளே அடியில் ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிடுவது பழைய வைத்தியம். இப்போது குண்டு பல்புக்குக் கடை கடையாய் அலைய வேண்டியிருக்கிறது. எல்.இ.டி. போட்டால் வெளிச்சம் வரும், சூடு வராது. மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரில் வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து பியானோவைத் தூக்கிச் செங்கல்மேல் வைத்தார்கள். அதில் மூன்று பேர் இப்போது சனிக்கிழமை வந்து கறுப்புக் கட்டை வாசிக்கிறார்கள். கூலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இசையமைப்பாளர் ரகுமானுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவர் அப்பா சேகர் இறந்துபோனார். அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அப்பா விட்டுப்போன பெட்டி என்பது சிலருக்குச் சோறு. என் அப்பா விட்டுப்போனது சோறு போடவில்லை. பூட்டித்தான் கிடந்தது. ஆனால் எதற்கு வாங்கினாய் என்று அம்மா கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லாமல் இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. கூச்சப்பட்டிருப்பார்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை, கண்ணை மட்டும் மூடியிருந்தேன். ஸ்டூல் கிறீச்சிட்டது. மூடி திறந்தது. பிறகு டொக்... டொக், டொக்... என்று மரம் மரத்தில் படுகிற சத்தம் மட்டும். நாதமே இல்லை. பியானோ கெட்டுவிட்டதா என்று ஒருகணம் பதறினேன். அப்புறம்தான் உறைத்தது. கட்டையை மிக மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியலுக்கு அந்தக் கடைசித் தூரத்தைக் கடக்க வேகம் இருக்காது. கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும். இதைப் பேரனுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. ஆறு வயதுப் பையன் தானாகக் கண்டுபிடித்திருக்கிறான். உள்ளேயிருந்து அவன் அக்கா, “என்னடா பண்ற?” என்றாள். “ஷ்ஷ்... தாத்தா தூங்குறாரு, சத்தமில்லாம வாசிக்கிறேன்.”

நான் அசையவில்லை. டொக்குகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். அக்கா வாசிக்கிற அந்த நோட்டுஸ்வரம்தான், நடையிலேயே தெரிந்தது. இரண்டாவது வரியில் ஒரு இடத்தில் தடுக்கியது. திரும்பப் போனான். மறுபடி தடுக்கியது. மூன்றாம் முறை தாண்டினான். முடித்துவிட்டு மூடியைச் சாத்தும்போது, கண்ணைத் திறக்காமலே “பலே” என்றேன்.

ஓடி வந்து என் மேல் குனிந்தான். “சத்தமே வரலையே தாத்தா, உனக்கு எப்படிக் கேட்டுச்சு?”